சாரல் காலத்துத் தும்மல்: வளரிளம் பிள்ளைகளின் ஒவ்வாமை குறித்து வாசகர் கேள்விகளும் ஆயுர்வேத மருத்துவரின் பதில்களும்

ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் தும்மலும் மூக்கடைப்பும் ஆஸ்துமா என்னும் இளைப்பும் மிகுந்துவிடுகின்றன. இம்முறை வந்தவற்றுள் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளைப் பற்றிய நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்தில் அச்சுக்குக் காத்திருக்க முடியாத ஒரு செய்தி இருந்ததால், அந்தத் தாயிடம் ஆசிரியர் குழுவினர் வழியாகத் தொலைபேசியில் முன்பே பேசிவிட்டோம். மற்ற பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் அவருடைய இசைவுடன் முழுமையாக வெளியிடுகிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது; பத்தாம் வகுப்பு படிக்கிறான். நான்கு ஆண்டுகளாகக் காலையில் எழுந்தவுடன் இருபது, முப்பது தும்மல் வரும், மூக்கு நீராக ஒழுகும், கண் அரிக்கும். சென்ற ஆண்டு சாரலின்போது இரவில் நெஞ்சில் விசில் அடிப்பதுபோல் சத்தமும் கேட்டது. குழந்தைகள் நல மருத்துவர் இன்ஹேலரும், இரவில் போட ஒரு மான்டெலூகாஸ்ட் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இன்ஹேலர் பழகிவிட்டால் ஆயுளுக்கும் விட முடியாது என்று உறவினர்கள் பயமுறுத்தியதால், மூன்று மாதங்களுக்கு முன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தெரிந்தவர் சொன்ன ஒருவரிடம் ஆயுர்வேதப் பொடி வாங்கிக் கொடுத்து வருகிறோம். பொட்டலத்தில் பெயர் எதுவும் இல்லை. மூன்றே நாளில் தும்மல் நின்றுவிட்டது. இப்போது நன்றாகப் பசிக்கிறது. முகம் உருண்டு, ஆறு கிலோ எடையும் கூடியிருக்கிறான். ஆனால் ஒருவேளை பொடி தவறினாலும் மறுநாளே தும்மல் திரும்பிவிடுகிறது. கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், மீன், முட்டை, பால், தயிர், வாழைப்பழம் அனைத்தையும் நிறுத்திவிட்டோம். தேர்வு முடியும்வரை இந்தப் பொடியைத் தொடரலாமா? நிரந்தரமாகக் குணமாக ஆயுர்வேதத்தில் வேறு என்ன வழி இருக்கிறது?
– ஒரு தாய், தென்காசி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கும் வரிகள்தாம் என்னைக் கவலைகொள்ள வைத்தன. பாலும் முட்டையும் மீனும் நிறுத்தப்பட்ட ஒரு பிள்ளைக்கு மூன்று மாதத்தில் ஆறு கிலோ கூடுவதும், முகம் உருண்டுவிடுவதும், அடங்காத பசி எடுப்பதும், நான்கு ஆண்டுத் தும்மல் மூன்று நாளில் நிற்பதும், ஒருவேளை தவறினால் உடனே திரும்புவதும் மூலிகையின் இயல்பு அல்ல. எங்கள் மருந்துகளில் எதுவும் இவ்வளவு விரைவாக, இவ்வளவு முழுமையாக வேலை செய்வதில்லை என்பதை ஓர் ஆயுர்வேத மருத்துவராக நான் வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். பெயரில்லாத இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பொடித்துக் கலக்கும் வழக்கம் உண்டு. உங்கள் பொடியிலும் அப்படித்தான் என்று கடிதத்தை மட்டும் வைத்து என்னால் அறுதியிட முடியாது. ஆனால் அந்த ஐயத்தைத் தீர்க்காமல் இன்னொரு மருந்தைப் பற்றிப் பேசுவது தவறு.

அதே வேளையில், இதைப் படித்தவுடன் பொடியைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. மூன்று மாதங்கள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்த உடலில், சிறுநீரகத்தின் மேலே உள்ள அட்ரீனல் சுரப்பி தானே சுரந்து வந்ததைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, கடும் சோர்வு, இரத்த அழுத்தக் குறைவு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, மகனையும் அழைத்துக்கொண்டு, முன்பு பார்த்த அதே குழந்தைகள் நல மருத்துவரிடம் இந்த வாரமே செல்லுங்கள். கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காமல் நடந்ததை முழுமையாகச் சொல்லுங்கள். காலை எட்டு மணி அளவில் எடுக்கப்படும் கார்டிசால் இரத்தப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை, உயரம் ஆகியவற்றைப் பார்த்து, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை அவர் முடிவு செய்வார். பொடியில் கொஞ்சம் மீதம் வைத்து, இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறையின் மருந்து ஆய்வாளரிடம் ஒப்படைத்தால் பரிசோதனைக்கு அனுப்ப வழியுண்டு.

முறையாக விற்கப்படும் ஆயுர்வேத மருந்து எதுவும் பெயரில்லாப் பொட்டலத்தில் வராது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் அதன் விதிகளும், உற்பத்தியாளர் பெயர், உரிம எண், தொகுதி எண், உட்பொருள் பட்டியல், காலாவதி நாள் ஆகியவை சிமிழின் மேல் இருக்க வேண்டும் என்கின்றன. சிமிழ் இருந்துவிட்டால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்து 2008இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தது. எங்கள் துறையினர் பலர் அந்த ஆய்வின் மேல் கோபப்பட்டார்கள். எனக்கு அந்த மருந்துகளின் மேல்தான் கோபம் வந்தது. வளரும் பிள்ளைகளுக்கு, உலோகம், கனிமம், பாதரசம் கொண்டு செய்யும் பஸ்மம், செந்தூரம், ரச மருந்துகளை நான் ஒவ்வாமைக்காகத் தருவதில்லை, மூலிகையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்து இன்ஹேலர். நெஞ்சில் விசில் சத்தம் கேட்ட பிள்ளைக்கு அதை நிறுத்தியது தவறான முடிவு. நீங்கள் நிரந்தரக் குணம் கேட்டிருக்கிறீர்கள். இளைப்பு நோயைத் தமக சுவாசம் என்று பெயரிட்டு விரிவாகப் பேசும் சரக சம்ஹிதை, அதாவது சரகர் பெயரால் வழங்கும் பழைய ஆயுர்வேத நூல், அதை யாப்பிய நோய் என்கிறது. அதாவது வேரோடு களைய முடியாவிட்டாலும் தொடர்ந்த கவனிப்பால் அடக்கி வைக்கத்தக்கது. புதிதாகத் தொடங்கியிருந்தால் குணமாகவும் கூடும் என்று ஒரு வாய்ப்பையும் அந்நூல் விட்டுவைக்கிறது. ஆகவே மூன்று மாதத்தில் அடியோடு தீர்த்துத் தருகிறேன் என்பவர், ஆங்கில மருத்துவத்துக்கு மட்டுமல்லாமல் சரகருக்கும் மாறாகத்தான் பேசுகிறார்.

இன்ஹேலரிலும் ஸ்டீராய்டுதானே இருக்கிறது என்ற கேள்வி உங்களுக்கு எழும். இருக்கிறது, ஆனால் அது மூச்சுக்குழலில் நேராகச் சேரும் மைக்ரோகிராம் அளவு. பொடியில் கலந்து வயிற்றுக்குள் போவதோ மில்லிகிராம் அளவு; ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். இன்ஹேலரால் உயரம் குறையுமா என்பதைச் சிறுவயதிலிருந்து பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்து பார்த்து, 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சில ஆண்டுகள் ப்யூடசோனைடு என்னும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்களின் இறுதி உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்ததாகச் சொன்னது. அந்தச் சிறு இழப்பை மறைக்க வேண்டியதில்லை. கட்டுப்படாத இளைப்போடும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியோடும் ஒப்பிட்டு எது மேல் என்பதை நீங்களே எடைபோடலாம். இன்னொன்று: மான்டெலூகாஸ்ட் மாத்திரையைச் சாப்பிட்ட நாட்களில் மகனுக்குக் கெட்ட கனவு, காரணமில்லாத எரிச்சல், மனச்சோர்வு இருந்ததா என்று அவனிடம் கேட்டு, இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே அம்மருந்தின் மேல் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. இந்த வயதுப் பிள்ளைகளின் கோபத்தைப் பருவக் கோளாறு என்று நாம் எளிதாகத் தள்ளிவிடுகிறோம்.

இனி நீங்கள் கேட்ட ஆயுர்வேதம். எங்கள் மருத்துவத்தில் முதல் சிகிச்சை மருந்து அல்ல. நிதான பரிவர்ஜனம், அதாவது நோயின் காரணத்தை விலக்குதல். மூக்கு நீர்க்கோவைக்குச் சரகர் அடுக்கும் காரணங்களில் தூசி, பருவ மாற்றம், பனி, செரியாமை, இரவில் கண் விழித்தல், மிகுதியாக உறங்குதல், கோபம் ஆகியவை எல்லாம் வருகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் நாள் ஒழுங்கைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். இளைப்புக்குத் தூசியையும் புகையையும் காற்றையும் அவர் காரணமாக்குகிறார். மேகமும் மழையும் கீழ்க்காற்றும் அதை மிகுவிக்கும் என்கிறார். அவர் தென்காசிக்கு வந்து சாரலில் நின்றிருந்தால் மேல்காற்று என்று திருத்தியிருப்பாரோ என்னவோ.

சாரல் காலத்தில் உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காற்றில் ஈரம் ஏறுகிறது. மெத்தை, தலையணை, போர்வைக்குள் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் ஈரத்தில்தான் பெருகும். அவற்றின் எச்சமே தும்மலைக் கிளப்பும் முதன்மையான பொருள்களில் ஒன்று. இரவு முழுவதும் அதன்மேல் முகம் வைத்துப் படுத்தவன் எழுந்தவுடன் முப்பது முறை தும்முவதில் வியப்பில்லை. ஆகவே மகனின் படுக்கையிலிருந்து தொடங்குங்கள். பழைய இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்துவிடுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமான நெசவுள்ள, ஜிப் வைத்த உறை போடுங்கள். அல்லது மெத்தையையே விட்டுவிட்டுக் கோரைப்பாயில் துவைத்த பருத்தி விரிப்பைப் போட்டுப் படுக்கச் சொல்லுங்கள். நம் பாட்டிகளின் பாய் இந்த ஒரு வகையில் எந்த விலையுயர்ந்த மெத்தையையும் வெல்லும். விரிப்புகளை வாரம் ஒருமுறை கைபொறுக்காத சூட்டில், ஏறக்குறைய 60 டிகிரி வெந்நீரில், துவைத்து வெயிலில் காயவையுங்கள். சாரலில் வெயில் கிடைக்காது என்பீர்கள். அதனால்தான் வைகாசியிலேயே இதைத் தொடங்க வேண்டும் என்று என்னிடம் வரும் குடும்பங்களிடம் சொல்கிறேன். சுவரில் பூத்திருக்கும் பூஞ்சை, அலமாரிக்கு மேல் அடுக்கிய பழைய செய்தித்தாள், சமையலறைக் கரப்பான்பூச்சி, படிக்கும் அறையில் எரியும் கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றையும் பாருங்கள். வீட்டைப் பெருக்கும்போது மகன் வெளியே இருக்கட்டும். பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. ஊர்ப்புறத்தில் சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் மண்டிக் கிடந்தால், அவற்றின் மகரந்தத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உணவில் நீங்கள் செய்திருப்பது தண்டனை. கரப்பான் பண்டம் என்று ஒதுக்கும் வழக்கத்தில் அனுபவ உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் அது ஊருக்கெல்லாம் ஒரே பட்டியல் அல்ல. ஆயுர்வேதத்தில் சாத்மியம், அசாத்மியம் என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒருவன் உடலுக்கு எது ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை என்பதை அவனை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் மகனுக்கு எந்த உணவுக்குப் பின்னாவது அரிப்போ தடிப்போ இளைப்போ வந்ததாக நீங்கள் எழுதவில்லை. எனவே முட்டை, மீன், பருப்பு, கத்தரிக்காய் ஆகியவற்றை வாரத்துக்கு ஒன்றாகத் திருப்பிக் கொடுங்கள்; எதற்காவது தொல்லை வந்தால் குறித்து வையுங்கள். தயிரை இரவில் உண்ணலாகாது என்பது சரகரின் விதி. பகலில், குளிரூட்டாமல், மோராக்கிக் கொடுப்பதில் தடையில்லை. பதினாறு வயதுவரை உடலில் கபம் மேலோங்கியிருக்கும் என்பதால், குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பானமும் இரவு பத்து மணிக்கு மேல் உண்ணும் பரோட்டாவும்தான் நான் முதலில் தடுப்பவை. தூதுவளைத் துவையல், மிளகு ரசம், இஞ்சி சேர்த்த குழம்பு ஆகியவை மருந்து என்ற பெயரில்லாமலே நல்லது செய்யும்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். ஏனெனில் அளவும் கால எல்லையும் நேரில் பார்த்துத்தான் தரப்பட வேண்டும். ஸ்டீராய்டு விவகாரம் முடிந்து, இளைப்பு அடங்கிய பின்னரே இவற்றைத் தொடங்கலாம். கற்கண்டு, மூங்கிலுப்பு, திப்பிலி, ஏலம், இலவங்கப்பட்டை ஆகியவை 16, 8, 4, 2, 1 என்ற பங்கில் சேரும் சிதோபலாதி சூரணம் சளிக்கும் இருமலுக்கும் இதமானது. பாதிக்கு மேல் கற்கண்டு என்பதை மறக்க வேண்டாம். புனலூர்ப் பக்கம் உறவினர்கள் இருந்தால், தலைக்குக் குளித்தபின் உச்சியில் ராஸ்னாதி சூரணத்தை ஒரு சிட்டிகை தேய்க்கும் கேரள வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தீங்கில்லாதது, செய்யலாம். மூக்கில் இடும் அணு தைலத்தைப் பலரும் கடையில் வாங்கித் தாங்களாகவே ஊற்றிக்கொள்கிறார்கள். அதை மழைத் தொடக்கம், மழைக்குப் பிந்தைய சரத் காலம், வேனில் தொடக்கம் என்னும் மூன்று பருவங்களில், வானம் மேகமின்றி இருக்கும்போது பயன்படுத்தச் சொல்கிறது சரக சம்ஹிதை. புதிதாகச் சளி பிடித்திருக்கும்போதும், இளைப்பும் இருமலும் உள்ளபோதும், உண்டவுடனும், தலைக்குக் குளித்தவுடனும் மூக்கில் மருந்திடலாகாது என்கிறது இன்னொரு பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம். ஆக, உங்கள் மகனுக்குச் சாரலுக்கு நடுவே அது வேண்டாம். தெளிந்த நாட்களில், மருத்துவர் சொன்னால், இரண்டிரண்டு துளி போதும். மூலிகைப் புகையை மூக்கால் இழுக்கும் தூம சிகிச்சையைப் பதினெட்டு வயதுக்குக் கீழே செய்யக்கூடாது என்று அதே நூல் தடுத்திருக்கிறது.

தேர்வு நேரத்தில் தும்மல் மிகுந்தால், தூக்கம் வரவழைக்கும் பழைய குளோர்பெனிரமின் வகை மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காமல், தூக்கத்தைக் குறைவாகத் தரும் ஃபெக்ஸோஃபெனடின் போன்றதையோ மூக்கில் அடிக்கும் மருந்தையோ மருத்துவரிடம் கேளுங்கள். ஆயுர்வேத மருந்து எடுப்பதை அவரிடமும், அவர் தருவதை ஆயுர்வேத மருத்துவரிடமும் மறைக்காதீர்கள். கடைசியாக, கடிதம் முழுவதும் நீங்கள் பேசுகிறீர்கள். பையன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரி கூட இல்லை. பதினைந்து வயதில் அவனுக்கே ஒரு சிறு குறிப்பேடு கொடுத்து, எப்போது தும்மினான், எங்கே இருந்தான், இரவு எப்போது உறங்கினான் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதக் குறிப்பேடு, என் நாடிப் பரிசோதனையைவிட அதிகம் சொல்லும்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. மாலை நேரங்களில் உடம்பெங்கும் திட்டுத் திட்டாகத் தடித்து அரிக்கிறது. சில மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. காணாக்கடி என்று வேப்பிலை அரைத்துப் பூசுகிறோம். ஹரித்ரா கண்டம் கொடுக்கலாம் என்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பொங்கல் விடுமுறையில் இறால் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, வாந்தி எடுத்து, குரல் கம்மிவிட்டது. ஊசி போட்டபின் சரியானது. கொஞ்சம் கொஞ்சமாக இறால் கொடுத்துப் பழக்கினால் போய்விடுமா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உணவு உண்ட சிறிது நேரத்தில் உதடு வீக்கமும் வாந்தியும் குரல் மாற்றமும் ஒன்றாக வந்தது, உயிருக்கு ஆபத்தான தீவிர ஒவ்வாமை. இதற்கு ஆயுர்வேதத்தில் நான் தரக்கூடிய மருந்து எதுவும் இல்லை. வீட்டில் பழக்கிப் பார்க்கும் முயற்சியும் கூடவே கூடாது. இறாலில் ஒவ்வாமை தரும் முக்கியப் புரதமான ட்ரோபோமயோசின் வேகவைத்தாலும் வறுத்தாலும் அழிவதில்லை. நண்டிலும் அதே குடும்பத்துப் புரதம் உண்டு. உங்கள் ஊர்ச் சமையலில் சேரும் சென்னாக்கூனியும் உலர்ந்த இறால்தான். மீன் குழம்பையும் இறால் தொக்கையும் ஒரே கரண்டியால் கிளறும் கல்யாண வீடுகளில் மகள் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வாமை மருத்துவர் ஒருவரைப் பார்த்து, அட்ரினலின் ஊசி எப்போது, எப்படிப் போடுவது என்பதற்கு எழுத்து வடிவில் ஒரு திட்டம் வாங்கிக்கொள்ளுங்கள். மீண்டும் அப்படி நேர்ந்தால் செட்ரிசின் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், மகளைப் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, 108ஐ அழையுங்கள். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின்தான் உயிர் காக்கும் மருந்து. மூச்சுத் திணறினால் உட்கார்ந்த நிலையில் இருக்கட்டும்; எழுந்து நடக்க விடாதீர்கள்.

மாலைத் தடிப்பு வேறு செய்தி. அதை ஆயுர்வேதம் சீதபித்தம் என்கிறது. குளிர்ந்த காற்று படுதலை நூல்கள் காரணமாகச் சொன்னாலும், வியர்வை, இறுக்கமான ஆடை, வலி மாத்திரை, தொற்று என்று பலவும் அதைத் தூண்டுகின்றன; காரணமே தெரியாமல் வந்து சில வாரங்களில் தானே போவதும் மிகுதி. ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஹரித்ரா கண்டம் இதற்காகவே சொல்லப்பட்ட பழைய மருந்து. ஆனால் மூல நூற்பாடத்தில் 8 பலம் (பழைய எடை அளவு) மஞ்சளுக்கு 50 பலம் சர்க்கரை சேர்கிறது, வயிற்றை இளக்கும் சிவதையும் உண்டு. மாதவிடாய் ஒழுங்கின்மையோ எடை மிகுதியோ உள்ள பெண்ணுக்கு நாளும் அதை ஊட்டுவது சரியல்ல. சில வாரங்களுக்கு மட்டும், பட்டம் பெற்ற மருத்துவரின் பார்வையில் கொடுக்கலாம். மஞ்சள் காமாலை அறிகுறியோ பசியின்மையோ தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். மூலிகை என்றால் ஈரலுக்குத் தீங்கில்லை என்று பொருளல்ல. சீந்தில் சாற்றைக் கொரோனா காலத்தில் குடித்துவந்த சிலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது என்றாலும், சீந்திலை நான் மாதக்கணக்கில் தருவதில்லை.

கேள்வி: என் பேரனுக்கு 13 வயது, இளைப்பு. ஐதராபாத்தில் ஜூன் மாதம் உயிர் மீனோடு கொடுக்கும் மருந்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். மருமகள் தடுக்கிறாள். வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதையும் நிறுத்தச் சொல்கிறாள்.
– ஒரு தாத்தா, ஈரோடு

பதில்: ஐயா, இரண்டிலும் நான் உங்கள் மருமகள் பக்கம். ஜூன் தொடக்கத்தில் வரும் மிருகசீரிடக் கார்த்தியன்று சிறு விரால் மீனின் வாயில் மருந்தை அடைத்து விழுங்கச் செய்யும் அந்த வழக்கத்தை, 1845 முதல் தம் குடும்பம் நடத்தி வருவதாக அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். அதன் உட்பொருள் வெளியிடப்படவில்லை. எங்கள் நூல்கள் எதிலும் அப்படி ஒரு மருந்து இல்லை. மூலிகை இளைப்புக்கு உதவுமா என்று முறையாகச் சோதிக்கவே முடியாது என்பதும் இல்லை. நம் வேலிகளில் படரும் நஞ்சறுப்பான் இலையை 1960களின் இறுதியில் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தார் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு இளைப்பு குறைந்தது. சிலருக்கு வாய்ப்புண்ணும் வாந்தியும் வந்தன. பிறகு போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த ஓர் ஆய்வில் வேறுபாடு தென்படவில்லை. நம் மூலிகைதானே என்று மறைத்துவிடாமல் அந்த முடிவை வெளியிட்டார்கள். அந்த நேர்மையை மீன் மருந்திலும் நாம் கேட்கலாம் அல்லவா? நெரிசலில் பலமணி நேரம் பையனை நிறுத்துவதும், இருமும் பிள்ளையின் தொண்டையில் உயிர் மீனைப் போடுவதும் எனக்கு அச்சமாக இருக்கின்றன.

சாம்பிராணியை விட்டுவிட உங்களுக்கு மனம் வராது என்று தெரியும். பையன் பள்ளிக்குப் போன பிறகு முற்றத்தில் போட்டு, அவன் திரும்புமுன் வீட்டைக் காற்றாட விடுங்கள்.

கேள்வி: நான் 16 வயது மாணவன்; திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன்; கபடி அணியில் இருக்கிறேன். ஓடினால் இளைக்கிறது. இன்ஹேலரில் ஊக்கமருந்து இருப்பதால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்வதால் ஒளித்து வைத்திருக்கிறேன். யூடியூபில் பார்த்து விடுதிக் குழாய்த் தண்ணீரில் ஜல நேதி செய்கிறேன்; மூக்கு திறந்துகொள்கிறது. தொடரலாமா?
– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: தம்பி, முதலில் கபடி. விளையாடுவதற்குமுன் நீ இழுக்கும் நீலநிற இன்ஹேலரில் பெரும்பாலும் சால்ப்யூட்டமால் இருக்கும். பன்னாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளே அதை 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை இன்ஹேலராக எடுத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. வழக்கமாக ஓர் இழுப்பு 100 மைக்ரோகிராம்தான். பயிற்சியாளரிடம் நீயே போய்ச் சொல். ஆட்டத்தின் நடுவே உனக்கு இளைத்தால் பையில் எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அது தேவைப்பட்டால் நோய் கட்டுப்படவில்லை என்று பொருள். தடுப்பு இன்ஹேலர் பற்றி மருத்துவரிடம் கேள். அதை இழுத்தபின் வாயைக் கொப்பளித்துவிடு.

ஜல நேதி நல்ல பழக்கம். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதை இன்றைய காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் குழாய்த் தண்ணீரை இன்றோடு நிறுத்து. நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா, மூக்கின் வழியாக மூளைக்குச் சென்றால் பிழைப்பது அரிது. 2024இல் கேரளத்தில் உன் வயதை ஒத்த பிள்ளைகளும் அத்தொற்றால் இறந்தார்கள். வடிகட்டும் இயந்திரத்தில் பிடித்த நீரும் போதாது. தண்ணீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி வைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும், ஒரு பெரிய கோப்பை நீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரைத் தேக்கரண்டி கரைத்துக்கொள். சிரட்டையோ சொம்போ எதில் ஊற்றினாலும், அதையும் கொதிநீரால் கழுவிக் கவிழ்த்துக் காயவை, இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளாதே. கழுவியபின் முன்னால் குனிந்து மூக்கிலுள்ள நீர் முழுவதையும் வடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்தே படு. காதுவலியோ காய்ச்சலோ இருக்கும் நாளில் செய்யாதே. இளைப்பு இருக்கும்போது கபாலபாதி என்னும் வேகமான மூச்சுப் பயிற்சியும் வேண்டாம்.

இரவில் இன்ஹேலரை மருத்துவர் சொன்ன அளவு இழுத்தும் மூச்சு அடங்காமல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனால், உடனே விடுதிக் காப்பாளரை எழுப்பு. அவருடைய தூக்கம் கெடுமே என்று விடியும்வரை உட்கார்ந்திருக்காதே.